முன்னாடியா, பின்னாடியா

விமானத்துக்கு மூக்கு கனத்துவிட்டது.

முந்தாநாள் வரைக்கும் ஒழுங்காக இருந்த மூக்கு. ரங்கு குனிந்து, முன்சக்கரத்தின் அடியில் வைத்திருந்த எடைமெஷினில் சிவப்பாக மின்னிய எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்கள் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

"என்னங்க சார் சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் வந்து நின்றார் காளியப்பன்.

"மூக்கு கனக்கறதாம்."

"சளி புடிச்சிருக்குமுங்க. மார்கழிப் பனி பாருங்க, என்னமா எறங்குது!"

காளியப்பன் சொல்வது வேடிக்கையா நிஜமா என்று ரங்குவுக்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை. காளியப்பன் ராமாபுரத்துக்காரர். மைசூரைத் தாண்டி சாமராஜநகர் ரோட்டில் தென்னந்தோப்பு வாங்கி, ஓரமாக நீள ஷெட் ஒன்று போட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். ஒரு கோடையில் புழுக்கள் மொத்தமாகக் கண்ணை மூடிவிட்டன. ஷெட் சும்மா கிடந்தது. மைசூர் ஹெப்பாளில் ஒரு மெஷின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரங்கு அங்கே வந்து, "ஒரு சின்ன விமானம் கட்டணும், இடம் கிடைக்குமா?" என்று கேட்டார். "எல கில திங்காதுங்களே?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார் காளியப்பன்.

அதற்கு ஐந்து வருஷம் ஆகிவிட்டது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய குழாய்களும் தகடுகளும் சேர்ந்து, இப்போது மஞ்சள் நிறத்தில் ஒரு விமானமாக நின்றன. இரண்டு பேர் உட்காரலாம். பக்கத்தில் பக்கத்தில் அல்ல, ஸ்கூட்டரில் போவதுபோல் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தோப்புக்கு அப்பால் காளியப்பனின் தரிசு நிலம் நீளமாக, மட்டமாக, ஓடிப் பறக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தது. காலைப் பனியில் அதன் அந்தக் கோடி தெரியாது. ரங்குவுக்கு அது நேராக ஆகாசத்தில் போய் முடிவதாகத்தான் தோன்றும்.

இந்த மூக்குக் கனத்துக்குக் காரணம் புது பேட்டரி.

பழைய பேட்டரி ஈயம் அடைத்தது, கருங்கல் கனம். பின் சீட்டுக்கும் பின்னால், தரைக்கு அடியில் ஒரு பொந்தில் உட்கார்ந்திருந்தது. எடை குறைந்தால் விமானம் சுளுவாக எழும்பும் என்று ஆசைப்பட்டு, ரங்கு பெங்களூரிலிருந்து லித்தியம் பேட்டரி வரவழைத்தார். ஒரு கையில் தூக்கிவிடலாம். தூக்கிப் பார்த்தபோது அவரே பாதி பறந்துவிட்டார். அதே பொந்தில் அதை வைத்து முறுக்கினார். மறுநாள்தான் புத்தி வந்தது. விமானம் ஒரு தராசு. பின்னால் கனம் குறைந்தால் முன்பக்கம் தாழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு, ஆனால் அவர் அந்தச் சமயம் மனசுக்குள் சாமுண்டி மலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

ஃபோனில் ஸாரங்க் பொறுமையாகக் கேட்டான். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், சின்ன வயசு, பேச்சில் சர்க்கரை, வேலையில் கறார். அவன் வந்து எடைபோட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் சக்கரம் தரையை விடலாம். வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்கு மறுவாரம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான்.

"அங்கிள், ஞாயித்துக்கிழமை பேலன்ஸ் சரியா இருக்கணும். இல்லேன்னா என்னால ஓகே சொல்ல முடியாது. எனக்கப்புறம் யார் வருவாங்கன்னும் தெரியாது."

"சரியாயிடும்ப்பா. பேட்டரியை இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டா தீர்ந்தது."

மத்தியானம் வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்ததும் ரங்கு விஷயத்தைச் சொன்னார். மனைவி வசுதா சாத்தமுதைக் கலக்கி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சு கிலோ கொறையணும்னா பேட்டரியை ஏன்னா மாத்தணும்? ராத்திரி ரெண்டாவது தடவை சாதம் போட்டுக்கறதை நிறுத்தினா போறாதா? முன்னாடி நீங்க உக்காண்டா மூக்கு கனக்காம என்ன பண்ணும், பாவம்!"

"கிண்டல் இருக்கட்டும். காஸ் புக் பண்ணினயா?"

"ஆமேலே."

"கண் டாக்டர்கிட்ட போகணுமே?"

"ஆமேலே ஹோகலாம்."

ரங்கு கும்பகோணத்துக்காரர். வேலைக்கு மைசூர் வந்து, மேலுகோட்டை வழியில் வந்த மைசூர்க் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். வசுதாவின் தமிழில் பாதி கன்னடம். அப்புறம், நாளைக்கு, அடுத்த வருஷம், பார்க்கலாம், மறந்துபோச்சு, எல்லாவற்றுக்கும் அவளிடம் ‘ஆமேலே’ என்ற ஒரே சொல்தான். வந்த புதிதில் அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது காதிலேயே விழுவதில்லை.

"சரி, நான் பாராயணத்துக்குக் கிளம்பறேன்," என்றாள் வசுதா. மார்கழி பிறந்ததிலிருந்து தினம் மத்தியானம் பாராயண கோஷ்டிக்குப் போகிறாள். கையில் புளியோதரைத் தூக்கு. தோளில் பெரிய துணிப்பை. அதிலிருந்து வெள்ளிக் கூஜாவின் கழுத்து எட்டிப் பார்த்தது.

"பாராயணத்துக்குக் கூஜா எதுக்கு?"

"தொண்டை வறண்டு போறது, அல்வா?" என்றாள். ‘இல்லையா’ என்பது அவள் கன்னடத்தில் அப்படித்தான் இனிக்கும்.

வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "ஏன்னா, மேல ரொம்பக் குளுருமா?"

"குளுரும். நான் ஜெர்க்கின் போட்டுண்டுடுவேன், கவலைப்படாதே."

"உங்களை யார் கேட்டா?" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் பிடிக்கப் போனாள். ரங்கு தயிர் சாதத்தை முடித்துக்கொண்டு வழக்கம்போல் குறட்டை விடப் போனார்.

மறுநாள் காலை பேட்டரி வாலுக்குக் குடிபெயர்ந்தது. வால் பக்கத்துத் திறப்பு ஒரு கை நுழையும் அளவுதான். தரையில் மல்லாந்து படுத்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே ஸ்க்ரூவைத் தேடி முறுக்கினார். பேட்டரி அத்தனை தூரம் போனதால் இன்ஜினுக்கு வரும் ஒயரும் நீண்டுவிட்டது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் வந்து அதோடு நின்றது. மெல்லிய ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தடிமனாக வாங்கி வந்து இழுத்தார். இப்போது இன்ஜின் உறுமியது. தென்னை மரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து போயின.

அதற்கு அடுத்த காலை எடை பார்த்தார். வால் கனத்துவிட்டது.

கொஞ்சநஞ்சமல்ல. கணக்குப்படி வர வேண்டியதைவிடக் கிலோக்கணக்கில் அதிகம். ஒயரை எடை போட்டிருந்தார், பேட்டரியை எடை போட்டிருந்தார், ஸ்க்ரூவைக்கூடக் காளியப்பன் வீட்டுத் தராசில் நிறுத்திருந்தார். இந்த மிச்சக் கனம் எங்கிருந்து வந்தது?

"முந்தாநாள் மூக்கு, இன்னிக்கு வாலா அங்கிள்?" ஸாரங்க் குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "எடைமெஷின் சரிதானா பாருங்க."

எடைமெஷின் மேல் காளியப்பனை ஏற்றி நிறுத்தினார். "போன மாசம் ஆஸ்பத்திரியில சொன்ன அதே கனந்தானுங்க," என்றார் அவர். மெஷின் சரி.

போதாக்குறைக்கு வாசனை வேறு. பின் சீட்டுப் பக்கம் தலையை நீட்டினால் காரமாக, புளிப்பாக, பழக்கப்பட்ட மாதிரியும் பழக்கப்படாத மாதிரியும் ஒரு நெடி. லித்தியம் கெட்டால் புகையும், நெருப்புப் பிடிக்கும் என்றெல்லாம் படித்திருந்தார். பேட்டரி கம்பெனிக்கு ஃபோன் போட்டார். கேரளத்துப் பெண் ஒருத்தி தமிழில் பேசினாள்.

"என்ன மாதிரி ஸ்மெல் சார்?"

"பெருங்காயம் மாதிரி."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "வேற?"

"கொஞ்சம் புளி. வெந்தயம் வறுத்தாப்ல ஒரு இது."

"ஒரு நிமிஷம் சார்." யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். "லீக் ஆனா ஒரு மாதிரி இனிப்பாத்தான் ஸ்மெல் வருமாம் சார். பெருங்காயம் வந்தா என்ன செய்யணும்னு எங்ககிட்ட போடலை. எதுக்கும் நல்லா காத்து போற இடமாப் பார்த்து வைங்க."

காற்று போகிற இடம் இன்ஜினுக்குப் பின்புறம், முன் சீட்டுக்காரரின் கால்மாட்டில் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தால் வால் கனமும் குறையும், வாசனையும் போகும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ரங்கு பேட்டரியை வாலிலிருந்து பிடுங்கி முன்னால் கொண்டுவந்தார். வாசனை போவதற்காக வால் பக்கத்தில் வரிசையாகத் துளைகளும் போட்டார். மஞ்சள் வர்ணம் உரிந்து அந்தப் பக்கம் மட்டும் அம்மை போட்டமாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்குக் காலை இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின் சீட்டுத் தரையில் வாடிய மல்லிகை ஒன்று. காளியப்பன் சம்சாரம் மாதேவி வெள்ளிக்கிழமை பூப் போட்டிருப்பாள், மெஷினும் சாமிதானே என்று நினைத்துக்கொண்டார்.

இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். கால்மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு முன்னால் இருந்த சின்ன விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. இந்த லித்தியம் பேட்டரிக்குள் ஒரு குட்டி மூளை வைத்திருக்கிறார்கள். சூடு தாங்கவில்லை என்றால் யாரையும் கேட்காமல் கடையைக் கட்டிவிடும். இன்ஜின் சூடு அதற்கு ஆகவில்லை. சூட்டைத் தடுக்கத் தகடு அடித்தார். குளிர்காற்று வர ஒரு குழாய் வைத்தார். தகடும் குழாயும் முன்பக்கக் கனத்தில் சேர்ந்துகொண்டன.

மறுநாள் எடை பார்த்தார். மூக்கு மறுபடியும் கனம். தகட்டையும் குழாயையும் கணக்கில் சேர்த்தாலும், பின்பக்கம் இருக்க வேண்டிய அளவு இல்லை. நேற்று வந்த மர்மக் கனம் இன்று மாயமாகப் போயிருந்தது.

ரங்குவுக்கு அதற்குமேல் ஓடவில்லை. ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஷெட் வாசலில் பனி வெள்ளையாக நின்றது. கண்ணை மூடினார்.

உடனே தரை விலகியது. தென்னை ஓலைகளின் தலை தெரிந்தது. காளியப்பன் சுண்டுவிரல் அளவுக்கு ஆனார். மைசூர் முழுக்க ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளுமாகக் கோலப்புள்ளி வைத்தமாதிரி கீழே கிடந்தது. சாமுண்டி மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிவிட்டது. தூரத்தில் காவேரி வெள்ளிக் கம்பியாக வளைந்தது. சத்தமே இல்லை. இந்தக் கனவில் இன்ஜின் எப்போதும் ஓசைப்படாது. அவர் ஏதோ பார்த்து, "வசு, அங்க பாரேன்!" என்று பின்னால் திரும்புவார். எப்போதும் அங்கேதான் கனவு கலையும். பின் சீட் காலியாக இருக்கும்.

ஒரு தடவை கேட்டார்தான். விமானத்தின் வரைபடம் வந்த அன்று, அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரெண்டு பேர் போலாம். நீ வரயா வசு?" என்று கேட்டார். அவள் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "பின்னாடி," என்றாள். அவ்வளவுதான்.

ரங்குவுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். கும்பகோணத்தில் அவர் அப்பா பேசிய சொல். சைக்கிள் வேணும்ப்பா என்றால், பின்னாடி பார்க்கலாம். ஊட்டிக்குப் போகலாம்ப்பா என்றால், பின்னாடி பார்க்கலாம். அந்தப் பின்னாடி ஒருநாளும் வந்ததில்லை. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மனசில்லாதவர்கள் சொல்கிற சொல் அது. அதனால் அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவள் ஒருமுறையாவது கீழே நின்று, கையைக் கண்ணுக்குக் குடை பிடித்து, நிமிர்ந்து பார்த்தால் போதும் என்று ஆசையைச் சுருக்கிக்கொண்டார். அதுவும் சின்ன ஆசை இல்லை. சில நாள் நினைத்தால் நெஞ்சு வலிக்கும்.

"சார், தூங்கிட்டீங்களா?" காளியப்பன் கண்ணாடியைத் தட்டினார்.

"இல்ல, பறந்துண்டிருந்தேன். காளியப்பன், பேட்டரியை எங்கதான் வைக்கறது? முன்னாடி வச்சா சூடு. பின்னாடி வச்சா வாசனை. நடுவுல வைக்கலாம்னா நான் உக்காந்திருக்கேன்."

காளியப்பன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பின்னாடிதானுங்களே கனம் வேணும்? எங்கூட்டு அம்மிக்கல்லு சும்மாதான் கெடக்குது. மிக்ஸி வந்ததுலேர்ந்து மாதேவி அதத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லீங்க."

அம்மியோடு பறக்கும் முதல் விமானம் தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று ரங்கு நினைத்தார். ஆனால் அந்தப் பேச்சிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டால்? அந்த இடத்தில் ஒரு பெட்டி அடித்து, பேட்டரியையும் ஒரு மணல்மூட்டையையும் அசையாமல் கட்டிவிடலாம். இன்ஜின் சூடும் இல்லை, ஒயரும் ரொம்ப நீளாது. எவரும் உட்காரப் போகாத சீட்டுக்கு எதற்கு இத்தனை மரியாதை? ஸாரங்கும் ஃபோனில், "கனம் நாளுக்கு நாள் மாறாம இருந்தா சரி அங்கிள். தினம் எடை மாறுற விமானத்துல நான் ஏற மாட்டேன்," என்றான்.

சாப்பிடும்போது வசுதாவிடம் சொன்னார். "பின் சீட்டை எடுத்துடலாம்னு இருக்கேன்."

கரண்டி பாதி வழியில் நின்றது. "ஏன்?"

"பேட்டரிக்கு எடம் வேணும்."

"பேட்டரிக்கு."

"அங்க யாரும் உக்காரப் போறதில்லையே. சும்மா எதுக்கு அடைச்சுண்டு?"

வசுதா அவரையே பார்த்தாள். பிறகு கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"எடுங்கோ. சீட்டை எடுங்கோ, எறக்கையை எடுங்கோ, எல்லாத்தையும் எடுங்கோ. பேட்டரியை மடியில வச்சிண்டு பறங்கோ."

"இப்போ என்ன ஆச்சு உனக்கு?"

"எனக்கென்ன? யாரும் உக்காரப் போறதில்லைன்னு நீங்களே முடிவு பண்ணியாச்சு. சும்னே என்னை ஏன் கேக்கறேள்?"

அன்று சாத்தமுதில் உப்பு இல்லை. ரங்கு வாயைத் திறக்காமல் குடித்தார். முப்பது வருஷத்தில் கற்றுக்கொண்ட பாடம். விமானம் என்றாலே இவளுக்கு ஆகவில்லை, இத்தனை நாள் வேடிக்கையாகச் சொன்னவள் இன்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்கும் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வருத்தம்தான் அதிகம்.

கை கழுவும்போது அவள் பின்னால் வந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது. "எப்போ எடுக்கறேள்?"

"நாளைக்கு. சனிக்கிழமை சாயங்காலம். ஞாயித்துக்கிழமை கார்த்தால அவன் வந்துடுவானே."

"சாயங்காலம்தானே? அதுக்கு முன்னாலே இல்லையே?"

"இல்ல. ஏன்?"

"சும்னே கேட்டேன்," என்றாள்.

சனிக்கிழமை வசுதா சீக்கிரமே சமைத்துவிட்டாள். புளியோதரைத் தூக்கு, கூஜா, துணிப்பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் கிளம்பிப் போனாள். ரங்கு படுத்தார். தூக்கம் வரவில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை காத்திருந்தால் மனசு மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது. ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு சாமராஜநகர் பஸ் ஏறினார்.

மத்தியான வேளையில் அவர் தோப்புக்கு வந்ததே இல்லை. காலைப் பனி இருந்த இடத்தில் இப்போது வெயில், மஞ்சளாகவும் சோம்பலாகவும் இறங்கியிருந்தது. ஓலை நிழல்கள் தரையில் மெல்ல அசைந்தன. ஒரு மாட்டின் கழுத்துமணி எங்கோ கேட்டது. காளியப்பன் கயிற்றுக்கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தார். ரங்குவைப் பார்த்ததும் ஆச்சரியமாக எழுந்து உட்கார்ந்தார். ரங்கு கையசைத்துவிட்டு ஷெட்டை நோக்கிப் போனார்.

உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ‘டுர்ர்ர்ர்’ என்று மெல்லிசாக, விட்டு விட்டு.

ஸ்டார்ட்டர் தானாக ஓடுகிறதோ, ஒயர் எங்காவது உரசிக்கொண்டதோ என்று பயந்தார். ஓடிப்போய்க் கதவிடுக்கில் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

விமானத்தின் பின் சீட்டில் வசுதா உட்கார்ந்திருந்தாள்.

தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லா. அந்த வெயிலில், புடவைக்கு மேலே ஸ்வெட்டர். பெல்ட் ஒழுங்காகக் கட்டியிருந்தாள். கண் மூடியிருந்தது. ஒரு கை முன் சீட்டின் முதுகைப் பற்றியிருந்தது, பழைய ஸ்கூட்டரில் அவர் தோளைப் பற்றிக்கொள்வாளே, அதே மாதிரி. இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு, விரல்களை விரித்துக் காற்றை அளைந்துகொண்டிருந்தது. டுர்ர்ர்ர் என்று சொன்னது அவள் உதடுதான். சீட்டுக்குப் பின்னால் அவர் ஒருநாளும் திறந்து பார்க்காத சாமான் பை ஜிப் திறந்து கிடந்தது. அதிலிருந்து குடை, போர்வை, கூஜா, புளியோதரைத் தூக்கு எல்லாம் எட்டிப் பார்த்தன. பெருங்காய வாசனை ஷெட் முழுக்க வீசியது.

"மெதுவா போங்கோன்னா," என்றாள் வசுதா, முன்னால் இருந்த வெறும் சீட்டிடம். "மேலுகோட்டை வந்தாச்சு. கோபுரம் தெரியறது பாருங்கோ. ஸ்வல்ப சாய்ச்சு ஒரு சுத்து சுத்துங்கோ." அவளும் ஒருபக்கம் சாய்ந்தாள். மஞ்சள் விமானம் சக்கரத்தின் மேல் இலேசாக அசைந்தது. "எறங்கறதா? இப்பவே எதுக்கு? ஆமேலே எறங்கலாம், ஆமேலே."

சக்கரங்களின் அடியில் எடைமெஷின்கள் அப்படியே கிடந்தன. சிவப்பு எண்களை ரங்குவின் கண் தானாகப் படித்தது, மனசு தானாகக் கணக்குப் போட்டது. முன்னால் அவரும் பின்னால் இந்தக் கனமும் உட்கார்ந்தால், பேட்டரி எங்கேயும் அலைய வேண்டாம். முதல்நாள் வைத்த பொந்திலேயே சௌகரியமாக இருக்கலாம். மூக்கும் சரி, வாலும் சரி.

கையிலிருந்த ஸ்பானர் கனத்தது. கதவைத் தொடாமல், செருப்பு ஓசைப்படாமல் பின்னுக்கு நடந்து காளியப்பனின் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இது நடக்கறது?" என்று கிசுகிசுத்தார்.

"மார்கழி பொறந்ததுலேர்ந்துங்க. தெனம் மத்தியானம் அம்மா வந்துருவாங்க. ஒரு நாள் பையெல்லாம் அங்கியே வெச்சுட்டுப் போவாங்க, ஒரு நாள் எடுத்துக்கிட்டுப் போவாங்க. போறப்ப எனக்கும் புளியோதரை குடுப்பாங்க. நல்லா இருக்குமுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலையில நீங்க, மத்தியானம் அவங்க. நீங்க ரெண்டு பேரும் மொறை போட்டுக்கிட்டு வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்!"

ரங்கு ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டுர்ர்ர்ர் சத்தம் மெல்லக் காற்றில் வந்தது.

"வரணும்னு ஆசை இருந்தா வரேன்னு சொல்லியிருக்கலாமே காளியப்பன்! அஞ்சு வருஷம் முன்னாலே நானே வாயைத் திறந்து கேட்டேன், நீ வரயான்னு. ‘பின்னாடி’ன்னுட்டா!"

காளியப்பன் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்.

"ஆமாங்க சார், பின்னாடிதானுங்க உக்காருவாங்க. முன்னாடி ஒரு நாளும் உக்காந்து நான் பாத்ததில்லீங்க."